ஃபிரிட்ஜில் எந்தத் தண்ணி? சீனிக் கணக்கு வேறு, புளிப்புக் கணக்கு வேறு

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துவிட்டு, ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வாங்கினேன். முதல் கரண்டி உள்ளே போனதும் மேல்வரிசை முன்பற்கள் சுரீர் என்றன. பச்சை மாங்காயை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு வயிறு முட்டத் தின்றால் பல் கூசுமே, அந்தக் கூச்சம். ஆனால் நான் மாங்காயைத் தொட்டே வருடக்கணக்காகிறது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான காப்பிக்கும் கூச ஆரம்பித்தபோது பல் மருத்துவரிடம் போனேன்.

சொத்தை ஒன்றும் இல்லை என்றார் அவர். கடைவாய்ப் பல் ஒன்றில் பதினைந்து வருடத்துக்கு முன் அடைத்த ஃபில்லிங் இருக்கிறது. அது சுற்றியுள்ள பல்லைவிடச் சற்று மேடாக நிற்பதைக் கேமராவில் காட்டினார். ஃபில்லிங் வளராது, அப்படியானால் சுற்றியிருக்கும் பல்தான் கரைந்து கீழே இறங்கியிருக்கிறது என்றார். முன்பற்களின் நுனி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதையும் காட்டினார். அப்புறம் கேட்டார்: "நாள் முழுக்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

பெருமையாகத்தான் பதில் சொன்னேன். அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது, அம்மாவுக்கும் இருக்கிறது. நமக்கும் வந்துவிடக் கூடாதென்று மூன்று வருடமாகச் சீனி போட்ட எந்தப் பானத்தையும் நான் வாங்குவதில்லை. அலுவலக மேசையில் சீனியில்லாத கோலா, காலையில் ஒரு டின், மதியத்துக்கு மேல் ஒரு டின். மடக் மடக்கென்று குடித்துவிடுகிற ஆளும் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டே ஒவ்வொரு வாயாகக் குடித்து ஒரு டின்னை இரண்டு மணி நேரம் ஓட்டுவேன்.

"அதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். எனக்கான கோலா, பதினான்கு வயது மகனுக்கான ஐசோடோனிக் என்னும் விளையாட்டுப் பானம், அம்மாவுக்கான சீனியில்லாத எலுமிச்சைத் தேநீர், விருந்தாளிக்கென்று ஆரஞ்சுச் சாறு. என் மனைவி தேநீர் தவிர எதையும் குடிப்பதில்லை, ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாத ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொத்தை வேறு, அரிப்பு வேறு

பல்லுக்குக் கெடுதல் என்றாலே நம் வீடுகளில் சீனி, சொத்தை என்றுதான் பேச்சு. உள்ளே நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். சொத்தை கிருமிகளின் வேலை: பல்லில் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சீனியைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன, அந்த அமிலம் அந்த இடத்தைக் குடைகிறது. அரிப்புக்குக் கிருமியே தேவையில்லை. பானத்தில் இருக்கும் அமிலம் நேராகப் பல்லின் மேல் பட்டு, மேல்பூச்சான எனாமலைப் பரவலாக இளக்கிவிடுகிறது. வேளை தவறாமல் பல் விளக்குகிற ஆளுக்கும் இது வரும். சொல்லப்போனால், குடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்ப்பவருக்கு இன்னும் சீக்கிரம் வரும், இளகியிருக்கும் பூச்சை அவரே வழித்தெடுக்கிறாரே.

அம்மாவுக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறவர் அவர். புளியில் இருக்கும் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது, விளக்கு பளபளக்கிறது. "பல்லில் கரைப்பதற்குக் கறுப்பு இல்லையேம்மா, பல்தானே இருக்கு" என்றேன். "அப்ப நீ மூணு வருஷமா பல்லைப் புளி போட்டு விளக்கியிருக்கே" என்றார். மருத்துவர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம்: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகம். புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச். பல்லைச் சுற்றியுள்ள பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் அந்தப் படிகம் கரையத் தொடங்கும். 7 என்பது நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். அதுவும் ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏறுவதில்லை, ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. சாதாரணக் கோலாவின் பிஎச் 2.5 பக்கம். நடுநிலைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 30,000 மடங்கு புளிப்பு. இவ்வளவு புளிப்பு நாக்குக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் சீனியோ செயற்கை இனிப்போதான்.

எலும்பு உடைந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான். அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. நமக்கு மிச்சமிருக்கும் ஒரே கொத்தனார் உமிழ்நீர். அமிலத்தை மட்டுப்படுத்தி, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து, இளகிய மேற்பரப்பை ஓரளவு மறுபடி இறுக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் ஒரு டின் என்று குடித்த நான் அந்த நேரத்தைக் கொடுக்கவே இல்லை.

டப்பாவில் இருக்கும் எழுத்து

சிங்கப்பூரில் பானம் வாங்குகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது, சீனியையும் கொழுப்பையும் பார்த்துத் தரம் போடும் நியூட்ரி-கிரேட் எழுத்து. 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று சுகாதார அமைச்சு தொடங்கியதன் தொடர்ச்சி அது. 2017இல் ஏழு பெரிய பான நிறுவனங்கள் 2020க்குள் சீனியை 12 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாமல் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு ஏ, பி, சி, டி வந்தது. அடுத்த ஆண்டு அதே தேதியில், கடையில் உடனுக்குடன் கலந்து தரும் பானங்களுக்கும் விரிந்தது.

கணக்கு எளிது. 100 மில்லிலிட்டரில் சீனி 10 கிராமைத் தாண்டினால் டி, 5க்கு மேல் 10 வரை சி, 1க்கு மேல் 5 வரை பி. 1 கிராமோ அதற்குக் குறைவோ இருந்து, இனிப்பூட்டியும் சேர்க்காமல் இருந்தால்தான் ஏ. நிறைவுற்ற கொழுப்புக்கும் இதே போல வரம்புகள் உண்டு. இரண்டில் எது மோசமோ அதுதான் டப்பாவில் ஏறும். டி வாங்கிய பானத்தை விளம்பரம் செய்ய முடியாது.

அந்த எழுத்து நல்ல வேலை செய்கிறது. என்னைச் சீனியிலிருந்து பிரித்ததே அதுதான். ஆனால் அது புளிப்பை அளக்கவே இல்லை, அளப்பதாகச் சொல்லவும் இல்லை. சொல்லாததை நானாக நினைத்துக்கொண்டேன். இனிப்பூட்டி போட்ட, சீனியில்லாத கோலா பி. முழுக்கொழுப்புப் பால், கொழுப்பின் காரணமாக, பெரும்பாலும் சி. இதயத்துக்கும் இடுப்புக்கும் அந்த வரிசை சரியாக இருக்கலாம். எனாமலைக் கேட்டால் வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடும்.

ஆக, எழுத்தைப் பார்த்த பிறகு டப்பாவைத் திருப்பி, பொருள் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கிறது. சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் என்று பெயர் போட்டிருக்கும். இல்லையென்றால் அமிலச் சீராக்கி என்று சொல்லி 330, 296, 338 என எண்கள் இருக்கும். முறையே அதே மூன்றுதான். எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் பட்டியலில் முன்வரிசையில் இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

சீனிக் கோலாவா, சீனியில்லாக் கோலாவா?

முதலில் என் பிரச்சினை. 2016இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. கடைகளில் கிடைக்கும் 379 பானங்களை வாங்கி, மூடி திறந்த சூட்டோடு பிஎச் அளந்திருந்தார்கள். அதில் 93 விழுக்காடு 4க்குக் கீழே இருந்தது. 39 விழுக்காடு 3க்கும் கீழே. சாதாரணக் கோலா 2.4 பக்கம், சீனியில்லாதது 3 பக்கம். அங்கே விற்பதற்கும் இங்கே விற்பதற்கும் கலவையில் சிறிய வித்தியாசம் இருக்கலாம், புளிப்பு என்னவோ அதே குடும்பம்தான்.

எண்ணை மட்டும் பார்த்தால் சீனியில்லாதது ஒரு படி மேல். ஆனால் எல்லைக்கோடு 5.5. முப்பதடிக் கிணற்றில் விழுந்தால் என்ன, இருபத்தைந்தடிக் கிணற்றில் விழுந்தால் என்ன? இரண்டுமே எனாமலை இளக்கப் போதுமானவை.

அப்படியென்றால் சீனியை விட்டது வீணா? நிச்சயமாக இல்லை. சொத்தைக் கிருமிக்குப் போட்ட தீனி நின்றது, எனக்குச் சொத்தை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரத்தச் சீனிக்கு நல்லது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஒருவர் கோலா குடித்தே தீருவேன் என்றால், சீனியில்லாததையே குடியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். கோளாறு வேறு இடத்தில் வந்தது. சீனிக் கோலா குடித்த காலத்தில் குற்ற உணர்ச்சியில் வாரத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். 'சீனிதான் இல்லையே' என்று ஆனதும் அது ஒரு நாளைக்கு இரண்டாகிவிட்டது. பல்லின் பக்கம் நின்று பார்த்தால், நான் மாற்றியது பானத்தை மட்டும் இல்லை, குடிக்கும் பழக்கத்தையும் சேர்த்துத்தான், அதுவும் மோசமான பக்கம்.

ஐசோடோனிக்: மருந்தா, பானமா?

இது நம் ஊரில் கொஞ்சம் உணர்ச்சிகரமான விஷயம். 1883இல் இங்கே சோடாத் தண்ணீர் தயாரிக்கத் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ், நூறாண்டு நிறைவை ஒட்டி 1983இல் கொண்டுவந்ததுதான் 100 பிளஸ். பெயரில் உள்ள நூறு அந்த நூறாண்டுதான். நாற்பது வருடத்தில் அந்த வகைப் பானம் குடும்ப மருத்துவத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து களைப்பா, ஒரு டின் ஐசோடோனிக். என் அம்மா அதைக் குவளையில் ஊற்றி ஆற்றி, கேஸ் போன பிறகுதான் கொடுப்பார். கேஸ் போகும், உண்மை. சிட்ரிக் அமிலம் போகாது. கேஸினால் வரும் கார்பானிக் அமிலம் பலவீனமானது, அது போவதால் பல்லுக்குப் பெரிய லாபம் இல்லை.

பொதுவாக விளையாட்டுப் பானங்களின் பிஎச் 3ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருக்கும். அப்படியானால் கோலாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். குடிக்கும் நேரம்தான் வித்தியாசம், அது இன்னும் மோசமான நேரம். என் மகன் பள்ளியில் காற்பந்து இணைப்பாட நடவடிக்கையில் இருக்கிறான். மாலை நாலு மணி வெயிலில் ஓடி, வியர்த்து, வாய் உலர்ந்து வருகிறான். உடம்பில் நீர் குறையும்போது உமிழ்நீரும் குறைகிறது. காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் நுழைகிற மாதிரி, அந்த உலர்ந்த வாய்க்குள் புளிப்பு போகிறது. போதாததற்கு இந்தப் பையன்கள் போத்தலின் குமிழை வாயில் வைத்துப் பீய்ச்சி, கொஞ்சம் கொப்பளித்து, பிறகு விழுங்குகிறார்கள். டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டது. பல்லுக்கு இதைவிடக் கெட்ட முறையை யோசித்துக் கண்டுபிடிப்பது சிரமம்.

ஆனாலும் ஐசோடோனிக்கை ஒரேயடியாக விரட்ட நான் தயாரில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீர் தாராளமாகப் போதும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் கடுமையாக ஓடினால், வியர்வையில் போகும் உப்பையும் செலவாகும் சக்தியையும் ஈடுகட்ட அது உண்மையிலேயே உதவும். தவறு, அதைத் தாகத்துக்கான தண்ணீராக நினைப்பதில்தான். கணினி முன்னால் உட்கார்ந்து விளையாட்டு விளையாடுபவன் அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு ஒரு நியாயமும் இல்லை. என் வீட்டில் நடந்தது முக்கால்வாசி அதுதான்.

வயிற்றுப்போக்குக்கு என்றால், மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி அதைவிடப் பொருத்தமானது. இது பல் விஷயம் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

'இயற்கை' என்று வரும் புளிப்பு

பழச்சாறு பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம் வரும். "அது பழம்தானே தம்பி, கெமிக்கலா?" என்பார். எலுமிச்சைச் சாறின் பிஎச் 2ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் 3.5இலிருந்து 4க்குள். சிட்ரிக் அமிலம் எந்த மரத்தில் காய்த்தது என்று எனாமல் விசாரிப்பதில்லை. அது போதாதென்று சிட்ரிக் அமிலத்துக்குக் கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு. அதோடு, பழச்சாறின் புளிப்பை உமிழ்நீர் எளிதில் முறியடிக்க முடியாது. பிஎச் எண் கோலாவைவிட உயரமாக இருந்தாலும், மட்டுப்படுத்த வேண்டிய அமிலத்தின் மொத்த அளவு அதிகம். இதனால்தான் பிஎச் எண்ணை மட்டும் வைத்துப் பானங்களை வரிசைப்படுத்தினால் ஏமாந்துபோவோம்.

தண்ணீர் கலந்தால் சரியாகுமா என்று கேட்டேன். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் பிஎச் எண் கொஞ்சம்தான் நகரும், மொத்த அமிலம் பாதியாகும். பலன் உண்டு, பாதுகாப்பு இல்லை. பழத்தைக் கடித்துத் தின்பது வேறு கதை. மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், ஒரு பழத்தோடு நிறுத்தியும்விடுவோம். உணவங்காடியில் வாங்கும் ஐஸ் எலுமிச்சைச் சாறும், தே ஓ ஐஸ் லிமாவ் என்னும் பால் இல்லாத எலுமிச்சை ஐஸ் தேநீரும் இந்த வகையில்தான் சேர்த்தி. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்கள், குடித்த உடனே பல் விளக்காமல் இருந்தால் அதுவே பெரிய புண்ணியம்.

பொட்டல எலுமிச்சைத் தேநீர் பழச்சாறின் தங்கை. 'தேநீர்' என்ற பெயரால் நல்லவள் மாதிரி தெரிகிறாள். எலுமிச்சை சேர்க்காத தேநீரும் செவ்வந்தித் தேநீரும் புளிப்பில் மிக லேசானவை. பட்டியலில் 330 இல்லை என்றால் நிம்மதியாக வாங்கலாம், சீனி அளவை மட்டும் பார்த்துக்கொண்டு.

புளிக்காத பக்கம்

பால், சோயாப் பால், பொட்டல மால்ட் பானம் மூன்றும் நடுநிலைக்கு அருகில். பாலின் பிஎச் 6.7 பக்கம், கால்சியமும் பாஸ்பேட்டும் கூடவே வருகின்றன. அரிப்பு என்ற ஒரே கேள்விக்கு இவைதான் பொட்டலப் பானங்களில் முதலிடம். ஆனால் சீனி போட்ட சோயாவும் மால்ட்டும் சொத்தைக்குத் தீனி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அதிலும் படுக்கப் போகும் முன். சீனி உள்ளே போன சில நிமிடங்களில் பல்படலத்தின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கி, மறுபடி ஏற அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது மிகவும் குறைவு. பால்பற்களின் எனாமல் மெல்லியது வேறு.

தயிர் புளிக்கும், ஆனால் பல்லைப் பெரிதாக அரிப்பதில்லை. அதிலேயே கால்சியம் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து கால்சியம் கரைந்து போக இடமில்லை. சீனி போடாத மோரும் அந்த வகைதான். சின்னப் போத்தலில் வரும் புளித்த பால் பானங்களை அதே கணக்கில் சேர்க்க எனக்குத் தயக்கம், சீனி அதிகம்.

வெறும் சோடாத் தண்ணீர்தான் எனக்குக் கிடைத்த புதையல். கேஸ் மட்டும் கலந்த தண்ணீரின் பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும். எண் 5.5க்குக் கொஞ்சம் கீழே என்றாலும், அந்தப் புளிப்பை உமிழ்நீர் ஊதித் தள்ளிவிடும். எலுமிச்சை, மாண்டரின் என்று சுவை சேர்த்த சோடா வாங்கினால் மறுபடி சிட்ரிக் அமிலம் வந்துவிடும். படத்தில் பழம் இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாகக் குழாய்த் தண்ணீர். இதை எழுதினால் அறிவுரை மாதிரி இருக்கும் என்பதால் ஒரே ஒரு தகவல்: சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃப்ளூரைடு கலக்கிறார்கள். ஃப்ளூரைடு சேர்ந்த எனாமல் படிகம் கரைய, பிஎச் சுமார் 4.5 வரை இறங்க வேண்டும். கோலாவின் முன் அது நிற்காது, ஆனால் சொத்தைக்கு எதிராகவும், இளகிய இடம் மறுபடி இறுகுவதற்கும் உதவும். காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீரில் அந்த ஃப்ளூரைடு இருக்காது. காசு கொடுத்து அதை வாங்கி வைத்திருந்தோம்.

எதைக் குடிக்கிறோம், எப்படிக் குடிக்கிறோம்

ஒரு மாதம் இவ்வளவு படித்த பிறகு எனக்கு உறுத்தியது இதுதான்: என் பல்லைப் பொறுத்தவரை, கோலாவுக்குப் பதில் எலுமிச்சைத் தேநீர் என்று மாற்றியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. அதே கோலாவை மதியச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் குடித்து முடித்திருந்தால் நிறைய மாறியிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் புளிப்பு புதிதாக ஏறுகிறது. உமிழ்நீர் அதைச் சமாளிப்பதற்குள் அடுத்த வாய். இரண்டு டின், நாலு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மற்ற சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஸ்ட்ராவை உள்வாய்ப் பக்கம் வைத்து உறிஞ்சினால் முன்பற்களில் படுவது குறையும், முன்பற்களுக்கு நேராக வைத்தால் அதுவும் போச்சு. குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளிக்கலாம். பல் விளக்குவதை அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் பல் மருத்துவர்கள். இரவு படுக்கும் முன் புளிப்பு வேண்டவே வேண்டாம். குளிரக் குளிரக் குடித்தால் அரிப்பு வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் என்னைப் போலப் பல் கூசுகிறவருக்கு அது வேறு தண்டனை.

எங்கள் ஃபிரிட்ஜில் இப்போது

அம்மா விஷயத்தில்தான் நான் அதிகம் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. இரத்த அழுத்த மாத்திரை, ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை, கூடவே இனிப்புநீர். மூன்றுமே வாயை உலர்த்தக்கூடியவை. உலர்ந்த வாய்க்கு இதமாக இருக்கிறதென்று மாலை முழுக்க எலுமிச்சைத் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார், நடுவில் புளிப்பு பிளம் மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொள்வார். சீனி இல்லை என்பதால் நானேதான் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தேன். உமிழ்நீர் அதிகமுள்ள எனக்கே இந்தக் கதி என்றால் அவருக்கு? இருக்கிற பற்களின் வேர்ப் பகுதி வெளியே தெரிகிறது, அங்கே எனாமலே கிடையாது. எனாமலைவிடச் சீக்கிரம் கரையும் டென்டின் என்னும் பல்லின் உள்பகுதிதான் இருக்கிறது. எனவே எலுமிச்சைத் தேநீர் நின்றது. பால் இல்லாத, சீனியில்லாத தேநீர் ஒரு ஃபிளாஸ்க், மேசையில் தண்ணீர், மிட்டாய்க்குப் பதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி போட்ட சீனியில்லாச் சூயிங்கம் என்று நினைத்தேன். இந்த ஊரில் பல்லுக்கான சூயிங்கம் மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "இந்த வயசுல என்னைச் சூயிங்கம் மெல்லச் சொல்றியாடா" என்று அது நிராகரிக்கப்பட்டது. தண்ணீரும் தேநீரும் நிற்கின்றன.

ஆனால் ஒரு சின்ன ஆரஞ்சுச் சாறுப் பொட்டலம் கதவு ஓரத்தில் அம்மாவுக்காக இருக்கிறது, யாரும் தொடக் கூடாது. இரத்தச் சீனி திடீரென்று இறங்கினால் வேகமாக ஏறக்கூடிய 15 கிராம் சர்க்கரை வேண்டும், அந்த நேரத்தில் யாரும் எனாமலைப் பற்றி யோசிக்கக் கூடாது. விருந்தாளிக்கென்று வாங்கிய பெரிய போத்தல் போய்விட்டது.

மகனோடு பேரம் பேச வேண்டியிருந்தது. "எல்லாரும் அதான்பா குடிக்கிறாங்க" என்பது அவன் வாதம். முடிவில் பயிற்சி நாளில் தண்ணீர், போட்டி நாளில் இடைவேளையின்போது ஐசோடோனிக் என்று ஒப்புக்கொண்டான். கொப்பளிக்காமல் நேராக விழுங்கி, பின்னாலேயே ரெண்டு வாய் தண்ணீர். வீட்டு ஃபிரிட்ஜில் அது இருக்காது. அவன் நண்பர்கள் கொடுப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வீடு திரும்பினால் குளிர்ந்த பால், அதைப் பற்றி அவனுக்கு எப்போதும் புகார் இருந்ததில்லை.

தீபாவளிக்கு வழக்கம்போல டின்கள் வந்து இறங்கும். வருடத்தில் நாலு நாள் குடிப்பதால் ஒரு பல்லும் கரையாது, வந்தவர்களுக்குத் தண்ணீரை மட்டும் நீட்டி நான் கெட்ட பெயர் எடுக்கப்போவதும் இல்லை.

எனக்கு? மேசையில் இப்போது வெறும் சோடாத் தண்ணீர். முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் 'சுர்'தான், இனிப்பில்லை என்று தெரிந்துகொள்ள மூன்று வருடம் ஆகியிருக்கிறது. கோலாவை முழுக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு ஒரு டின், சாப்பாடு முடிவதற்குள் அதுவும் முடிந்துவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் அதே பல்லைப் படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூச்சம், அவர் எழுதிக் கொடுத்த பற்பசையால், பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஃபில்லிங் அதே உயரத்தில்தான் நின்றது. நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். அவர் சிரித்தார்: "இறங்கல இல்ல? அதுதான் நமக்கு வேணும்."